இனிமேல் எதற்கு?

வைத்தியத்தைப் பற்றி எழுதக் கதைக்காரனுக்கு என்ன யோக்கியதை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கல்லூரியில் இரண்டு வருஷம் சரித்திரம் படித்துவிட்டு வெளியே வந்தவன் நான். தவளை அறுக்கிற வகுப்பு எந்தக் கட்டடத்தில் நடந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால், ஒரு வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்துகொண்டு, உள் அறையில் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் ஆயுளைப் பற்றித் தீர்மானம் செய்வதைப் பார்க்க டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. நம் வீடுகளில் அந்தத் தீர்மானம் ஒரு கேள்வியின் உருவத்தில்தான் வரும்: "இனிமேல் எதற்கு?"

கேட்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. பெரும்பாலும் அன்பினாலேயே கேட்கிறார்கள். ஊசி, வாந்தி, முடி கொட்டுதல், கடன் என்று ஒரு தடவை பார்த்தவர்கள், மறுபடியும் அந்த ஜீவனை அதே பாட்டுக்கு ஆளாக்குவானேன் என்று நினைக்கிறார்கள். மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டால் அதை அடியோடு போக்க முடியாது என்பதும் அநேகமாக உண்மைதான். டாக்டர்களே அதை மறைப்பதில்லை. ஆனால் 'போக்க முடியாது' என்பதிலிருந்து 'ஒன்றும் செய்ய முடியாது' என்பதற்கு நாம் ஒரே எட்டில் தாவிவிடுகிறோம். அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை என் சித்தியின் விஷயத்தில் பார்த்தேன்.

சித்தி கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஊரில் அவளுக்கு 'டீச்சர்' என்றுதான் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி. 2013-இல் இடது மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் ஆயிற்று, ஆறு தடவை கீமோ ஆயிற்று, கதிர்வீச்சும் ஆயிற்று. அப்புறம் ஐந்து வருஷம் தினம் ஒரு மாத்திரை. 2018-இல் மாத்திரையை நிறுத்தினார்கள். பிழைத்தோம் என்று குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். அடுத்த வருஷம் ஆவணியில் முதுகு வலி என்று ஆரம்பித்தாள். தைலம், ஒத்தடம், புது மெத்தை எல்லாம் பார்த்தான பிறகு ஸ்கான் எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு இடம், ஈரலில் நாலு இடம்.

அன்று சாயங்காலம்தான் கூடத்தில் மகாநாடு. சித்தப்பா தூணில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாதான் பேசினார்.

"அறுபத்தொண்ணு ஆயிடிச்சு. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. இனிமே எதுக்குப்பா போட்டு வதைக்கணும்? இருக்கிற வரைக்கும் நல்லபடியா வெச்சுக்குவோம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "அத்தான், எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

அதற்கு மேல் மகாநாடு நடக்கவில்லை. மறுவாரம் சித்தப்பாவும் நானுமாக அவளைச் சென்னைக்கு அழைத்துப் போனோம்.

சென்னையில் பார்த்த டாக்டர் ஒரு பெண்மணி. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். பழைய காகிதங்களை எல்லாம் ஒன்று விடாமல் படித்தார். படித்துவிட்டு, ஈரலில் ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். சித்தப்பாவுக்கு வந்ததே கோபம்! "அதுதான் புத்துநோய்னு தெரிஞ்சுபோச்சே, டாக்டரம்மா. இன்னும் என்னத்தைத் தெரிஞ்சுக்கக் குத்தணும்?" என்றார். அவர் அப்படிக் கோபித்து நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் அதற்குச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை முழுவதும். மார்புப் புற்றுநோய் என்பது ஒரு வியாதியின் பெயர் அல்ல, ஒரே இடத்தில் வருகிற பல வியாதிகளுக்கு நாம் வைத்திருக்கிற பொதுப் பெயர் என்றார். நூறு பேரில் எழுபது பேருக்கு அது பெண்களின் உடம்பில் ஊறும் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. பதினைந்து இருபது பேருக்கு 'ஹெர்-2' என்கிற ஒரு புரதம் அளவுக்கு மீறிப் பெருகி, அந்த அணுக்களை விரட்டி விரட்டி வளரச் சொல்கிறது. இரண்டு குணமும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லாதவர்களும் உண்டு. ஒன்றுக்குக் கேட்கிற மருந்து மற்றொன்றுக்குக் கேட்காது. அதோடு, 2013-இல் இருந்த குணம் 2019-இலும் இருக்க வேண்டும் என்பதில்லை. பரவிய இடத்தில் வியாதி தன் சுபாவத்தை மாற்றிக்கொள்வது உண்டு.

பிறகு பழைய ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் பென்சிலால் கோடிட்டுக் காட்டினார். 'ஹெர்-2: 2+' என்று இருந்தது. 3+ என்றால் 'உண்டு'. பூஜ்யமும் 1+-உம் அன்றைய கணக்கில் 'இல்லை'. 2+ என்றால் 'சொல்ல முடியாது'. சொல்ல முடியாதபோது 'ஃபிஷ்' என்று இன்னொரு பரிசோதனை செய்து தீர்த்துக்கொள்ள வேண்டும். (மீனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆங்கிலத்தில் நாலு நீளமான வார்த்தைகளின் முதல் எழுத்துக்களாம்.) சித்திக்கு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை. செய்யலாம் என்று எங்களிடம் சொல்லவும் இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதிப் பிரயோஜனம் ஒன்றும் இல்லை. அந்த நாளில் 2+ என்று எழுதிக் கொடுத்துக் கோப்பை மூடிய இடம் அது ஒன்றுதான் என்று நான் நினைக்கவில்லை. ஆறு வருஷம் அந்தக் காகிதம் எங்கள் பீரோவில் சித்தியின் பட்டுப் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. வீட்டில் படித்தவர்கள் ஏழு பேர். 2+ என்றால் என்ன என்று கேட்க ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்க வேண்டிய வரி அதுதான் என்று சொல்பவரும் இல்லை.

ஈரல் சதையின் முடிவு பத்து நாளில் வந்தது. ஹார்மோன் குணம் மறைந்துவிட்டிருந்தது. ஹெர்-2, 3+.

சித்தி காகிதத்தை வாங்கி மூக்குக் கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்தாள். "கணக்குல விடைன்னு ஒண்ணு வந்துட்டா பயம் கொஞ்சம் குறையும்டா, தம்பி. விடையே வராத கணக்குதான் ராத்திரியில தூங்க விடாது" என்றாள்.

இந்த ஹெர்-2 என்பது என்ன என்று எனக்கு அன்று தெரியாது. அப்புறம் நூலகத்திலும் மற்ற இடங்களிலும் தேடித் தேடிப் படித்தேன். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல கதை எளிதில் கிடைக்காது.

ஆரம்பம் ஸ்காட்லாந்தில். ஜார்ஜ் பீட்ஸன் என்று கிளாஸ்கோ நகரத்தில் ஒரு சர்ஜன். பால் சுரப்பைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். சூற்பையை எடுத்துவிட்டால் பசுவின் பால் சுரப்பு மாறிப்போகிறது என்று அந்தப் பக்கத்து இடையர்கள் சொல்லக் கேட்டிருந்தார். சூற்பைக்கும் மார்புக்கும் ஏதோ பந்தம் இருக்க வேண்டும் என்று தோன்றியது அவருக்கு. 1895-இல், முற்றிப்போன மார்புப் புற்றுநோயோடு வந்த ஒரு பெண்ணின் சூற்பைகளை அகற்றினார். கட்டிகள் கரைந்தன. 1896-இல் 'லான்செட்' பத்திரிகையில் அதை எழுதினார். ஹார்மோன் என்கிற வார்த்தையே அப்போது பிறக்கவில்லை! நம் ஊர் மாட்டுத் தரகர்களுக்குக்கூட எத்தனையோ விஷயம் தெரியும். அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஒரு பீட்ஸன் வேண்டும்.

பீட்ஸன் முறை எல்லோருக்கும் பலிக்கவில்லை. சிலருக்குக் கட்டி கரைந்தது. பலருக்கு அசையவே இல்லை. ஏன் என்று அறுபது வருஷம் ஒருவருக்கும் புரியவில்லை. சிகாகோவில் எல்வுட் ஜென்ஸன் என்பவர் 1950-களின் கடைசியில் விடையை நெருங்கினார். ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பி என்று ஒன்று அணுவுக்குள் இருக்கிறது. அது உள்ளவர்களுக்குத்தான் ஹார்மோனை நிறுத்துவதால் பலன். இங்கிலாந்தில் ஐ.ஸி.ஐ. என்ற கம்பெனி கர்ப்பத்தடைக்கு மருந்து தேடப் போய், 1962-இல் ஒரு பொருளைச் செய்தது. கர்ப்பத்தடைக்கு அது உதவவில்லை. அதையே 1971-இல் மாஞ்செஸ்டர் டாக்டர்கள் முற்றிய மார்புப் புற்றுநோய் உள்ள 46 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்துப் பேருக்குக் குணம் தெரிந்தது. இன்றைக்கு மருந்துக் கடையில் சல்லிசாகக் கிடைக்கிற டமாக்ஸிஃபென் அதுதான்.

பத்துப் பேருக்குப் பலித்தது என்பதைவிட, அந்தப் பத்துப் பேர் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்பதுதான் என் மனசில் நின்றது. கீமோ என்பது ஊர்ப் பொதுவில் அடிக்கிற தடியடி. வேகமாகப் பெருகுகிற அணு எதுவானாலும் அதன் மேல் விழும். மயிர்க்காலும் குடலின் உள்தோலும் ரத்தமும் சேர்ந்து அடி வாங்குவது அதனால்தான். குற்றவாளியின் அடையாளம் தெரிந்தால் அவன் வீட்டுக் கதவை மட்டும் தட்டலாம்.

ஹெர்-2 அப்படி ஓர் அடையாளம். 1987-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் டெனிஸ் ஸ்லாமன் என்ற டாக்டரும், ஜெனென்டெக் கம்பெனியில் இருந்த ஆக்ஸல் உல்ரிச் முதலானவர்களும் 189 பெண்களின் கட்டிகளைப் பார்த்தார்கள். சுமார் முப்பது சதவிகிதத்தில் இந்த ஒரு ஜீன் இரண்டு பங்கிலிருந்து இருபது பங்குக்கு மேல் வரை பெருகிக் கிடந்தது. யாருக்குப் பெருகியிருந்ததோ அவர்களுக்கு வியாதி சீக்கிரம் திரும்பி வந்தது, சீக்கிரம் கொண்டுபோயிற்று. அணுவின் மேற்புறத்தில் துருத்திக்கொண்டு நிற்கிற அந்தப் புரதத்தைப் போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு மருந்தை உண்டாக்கினார்கள். டிராஸ்டுசுமாப் என்று வாயில் நுழையாத பெயர். 'ஹெர்செப்டின்' என்று விற்றார்கள்.

மருந்து பரிசோதனையில் இருந்தபோது அதைக் கேட்டுக் கிடைக்காமல் கலிபோர்னியாவில் ஒரு பெண் டாக்டர் இறந்துபோனார். அவரும் ஹெர்-2 நோயாளிதான். 1994 டிசம்பரில் அவருடைய சிநேகிதிகளும் மற்ற நோயாளிகளும் பதினைந்து கார்களில், சவ ஊர்வலம் மாதிரி அந்தக் கம்பெனியின் வளாகத்துக்குள்ளேயே சுற்றி வந்தார்கள். இந்த ஊர்வலத்தைப் படித்த அன்று நான் வேறு ஒன்றும் படிக்கவில்லை. கடைசிக் கட்டம் என்று வீட்டில் ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள், 'எங்களுக்கு இனிமேல்தான் வேண்டும்' என்று தெருவுக்கு வந்த காட்சி அது. அமெரிக்க அரசாங்கம் 1998 செப்டம்பரில் முற்றிய நோய்க்கு அந்த மருந்தை அனுமதித்தது. 469 பெண்களிடம் சோதித்ததில், கீமோ மட்டும் பெற்றவர்கள் சராசரியாக 20 மாதமும், மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்கள் 25 மாதமும் இருந்தார்கள்.

ஐந்து மாதம்தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அது ஆரம்பம். 2012-இல் பெர்டுசுமாப் என்று ஒரு துணை மருந்து வந்தது. இரண்டையும் கீமோவோடு சேர்த்துப் பெற்ற பெண்களின் கணக்கு 57 மாதத்துக்கு ஏறியது. அவர்களில் நூற்றுக்கு 37 பேர் எட்டு வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். இதெல்லாம் முற்றிய நோய்க்காரர்களின் கணக்கு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் ஹெர்-2 என்று எழுதி வந்தால் டாக்டர்களே முகத்தைச் சுளிப்பார்களாம். எங்கள் டாக்டர் 3+ என்று பார்த்ததும் லேசாகச் சிரித்தார். சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சித்திக்குத் துணை மருந்து வாங்க எங்களுக்குச் சக்தி இல்லை. டிராஸ்டுசுமாபும் கீமோவும் ஆறு தடவை. முடி கொட்டியது, வாய் வெந்தது, பழைய கதைதான். அதற்குப் பிறகு கீமோவை நிறுத்திவிட்டு, அந்த ஒரு மருந்தை மட்டும் 21 நாளைக்கு ஒரு தடவை ஏற்றினார்கள். அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. முடி முளைத்தது, முன்னைவிடச் சுருட்டையாக முளைத்தது. காலையில் மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் ரசம் வைத்தாள். இந்த மருந்து சில பேருக்கு இருதயத்தைப் பலவீனப்படுத்தும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்கோ எடுப்பார்கள். அது ஒன்றுதான் கவலை. ஆறாம் மாத ஸ்கானில் ஈரலில் இருந்த நாலில் மூன்றைக் காணோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சென்னைக்குப் போக வழியில்லை. டாக்டர் தஞ்சாவூரில் தமக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி அங்கேயே மருந்து ஏற்ற ஏற்பாடு செய்தார். மருந்து திருச்சியில் இருந்தது. 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய சரக்கு. தெர்மகோல் பெட்டியில் பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே வைத்து, பெட்டியை மடியில் ஏந்திக்கொண்டு வந்தேன். ஐந்து இடத்தில் போலீஸ் நிறுத்தி, 'பெட்டியில் என்ன, மீனா?' என்று கேட்டார்கள்.

அந்த நாலரை வருஷத்தில் சித்தி என்ன செய்தாள் என்று கேட்டால், தியாகச் சித்திரம் எதுவும் என்னிடம் இல்லை. பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது தெருப் பிள்ளைகள் பத்துப் பேரைத் திண்ணையில் தள்ளித் தள்ளி உட்காரவைத்துப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெண்ணோடு இரண்டு தடவை சண்டை போட்டு இரண்டு தடவை சமாதானம் ஆனாள். பக்கத்து வீட்டுக்காரர் கொல்லைச் சுவரை அரை அடி எங்கள் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டார் என்று வெகுநாளாக அவளுக்குச் சந்தேகம்; நாடாவைப் பிடித்துத் தானே அளந்தாள், தாலுகா ஆபீசுக்கு நடந்தாள், சர்வேயரை வரவழைத்தாள். 2022-இல் உத்தரவு அவள் பக்கம் வந்தது. சுவர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் உத்தரவைச் சட்டம் போட்டு மாட்டாத குறை! பெரியப்பா ஒரு நாள் என்னிடம், "இதுக்காடா இத்தனை செலவு?" என்று கேட்டார். இதுக்குத்தான் என்றேன். ஒரு மனுஷி தன் சண்டையைத் தானே போட்டுக்கொண்டு இருப்பதற்குப் பெயர் என்னவென்று அவர் நினைத்தாரோ தெரியவில்லை.

செலவு என்ற பேச்சு வந்துவிட்டது. அதை மழுப்பக் கூடாது.

மருந்து இருக்கிறது என்பது ஒன்று, மருந்து இங்கே இருக்கிறது என்பது வேறொன்று. ஹெர்செப்டின் இந்தியாவுக்கு வந்த புதிதில் ஒரு குப்பி லட்ச ரூபாய்க்கு மேல். ஒரு வருஷத்துக்குப் பல குப்பி வேண்டும். 2013-இல் ரோஷ் கம்பெனி இந்தியாவில் அதன் காப்புரிமையை வற்புறுத்தாமல் விட்டது. 2014 ஆரம்பத்தில் பெங்களூர் பயோகான் கம்பெனி அதே மாதிரி மருந்தை 440 மில்லிகிராம் குப்பி அறுபதாயிரம் ரூபாய்க்குள் கொண்டுவந்தது. மற்றக் கம்பெனிகளும் இறங்கின, விலையும் இறங்கியது. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2015-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் 2019-இல் வாங்கும்போது, ஓய்வூதியக்காரர் காப்பீட்டில் கொஞ்சமும், சித்தப்பாவின் அரை ஏக்கரில் மீதியுமாகச் சமாளிக்கிற நிலைக்கு வந்திருந்தது. பத்து வருஷம் முன்னால் இதே வியாதி வந்திருந்தால் மூன்று ஏக்கர் போயிருக்கும். எங்களிடம் இருந்ததே ஒன்றரை.

ஹார்மோன் வகைக்காரர்களின் கதையும் இதுவே. அவர்களுக்கு 2015-க்கு மேல் பால்போசிக்ளிப், ரிபோசிக்ளிப் என்று அணு பிளப்பதைத் தடுக்கிற மாத்திரைகள் வந்தன. வீட்டில் இருந்தபடியே விழுங்கலாம். 2022-இல் கேரளத்தில் ஒரு பெண்மணி, ரிபோசிக்ளிப் மாத்திரைக்கு மாதம் 58,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது, என்னால் முடியவில்லை, குறைந்த விலையில் உள்நாட்டில் செய்ய அனுமதி கொடுங்கள் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு முடிவதற்குள் அதே வருஷம் காலமானார். நீதிமன்றம் வழக்கை விடாமல் தானே எடுத்து நடத்தியது. பால்போசிக்ளிப்பின் காப்புரிமை 2023 ஜனவரியில் இங்கே முடிந்தது. முடிந்த கையோடு பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்து, விலை விழுந்தது. டிசம்பரில் வாங்க முடியாத மாத்திரை பிப்ரவரியில் வாங்க முடிகிற மாத்திரை ஆயிற்று. கம்பெனிக்காரர்கள் ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாகச் செலவு என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு மாதத்துக்குள் போனவர்களின் வீட்டில் அதை யார் போய் விளக்குவது?

நம் ஊரிலும் இந்த 'எதற்கு' புதிதல்ல. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னையில் அதற்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று அலைந்தபோது, சாகப்போகிறவர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரியா என்கிற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமே இருந்தது. 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு அது ஆரம்பமாயிற்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் மார்புப் புற்றுநோய் புதிதாகக் கண்ட பெண்கள் சுமார் 1,92,000. இறந்தவர்கள் சுமார் 98,000. அந்த 98,000 பேரில் எத்தனை பேருடைய பீரோவில் 2+ என்ற காகிதம் கிடந்ததோ!

2022 கடைசியில் சித்திக்கு ஈரலில் மறுபடியும் தலைதூக்கியது. அந்தப் பழைய மருந்தின் முதுகில் விஷத்தைக் கட்டி அனுப்புகிற மாதிரி இன்னொன்று இருக்கிறது. அதையும் முந்தின வருஷம் ஓர் இந்தியக் கம்பெனி விலை குறைத்துக் கொண்டுவந்திருந்தது. பத்து மாதம் அது தாங்கிற்று. 2023 கார்த்திகையில் தலைவலி என்றாள். மூளைக்குப் போயிருந்தது. 2024 பிப்ரவரியில் ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். கடைசி மூன்று வாரம் நினைவு தப்பித் தப்பி வந்தது. அதற்கு முந்தின வாரம் வரை திண்ணைப் பிள்ளைகளில் ஒருவன் வந்து வாய்ப்பாடு ஒப்பித்துவிட்டுப் போனான்.

அவளுக்குக் கடைசியாகக் கொடுத்த மருந்தையும், டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் என்ற புதிய மருந்தையும் பக்கத்தில் வைத்துச் சோதித்த முடிவு ஒன்று உண்டு. பழையதில் வியாதி அடங்கிக் கிடந்தது 6.8 மாதம், புதியதில் 28.8 மாதம். அந்தப் புதிய மருந்தின் மீது இருந்த சுங்கவரியை 2024 ஜூலை மாதத்து பட்ஜெட்டில் அடியோடு நீக்கினார்கள். நல்ல காரியம். வரி போனாலும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுகிற விலைக்கு வந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். பட்ஜெட் உரையைச் சித்தப்பாவும் நானும் டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தி போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. சித்தப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

தஞ்சாவூரில் சித்திக்கு மருந்து ஏறுகிற நாட்களில் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்காருவாள். ஜயங்கொண்டம் பக்கம். முப்பத்தெட்டு வயது, புருஷன் திருப்பூரில் வேலை. அவளுக்கும் நோய் பரவியிருந்தது. ஆனால் மூன்று குணமும் இல்லாத வகை. ஹார்மோன் ஏற்பி இரண்டும் இல்லை, ஹெர்-2-உம் இல்லை. நம் நாட்டுப் பெண்களிடம் இந்த வகை மேல்நாட்டைவிட அதிகம் என்கிறார்கள். சித்திக்கு முடி வளர்ந்துகொண்டே போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் கேட்டுவிட்டாள்: "டீச்சரம்மா, உங்களுக்குப் போடுற ஊசியை எனக்கும் போடச் சொன்னா என்ன?"

சித்தி கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில்தான் பதில் சொன்னாள். அந்த ஊசி ஓர் அடையாளத்தைத் தேடிப் போகிறது, அந்த அடையாளம் உன் கட்டியில் இல்லை, போட்டால் காசுக்குத்தான் கேடு என்றாள். "அப்ப எனக்கு எதுவும் இல்லையா?" என்றாள் அந்தப் பெண். சித்தி என்னைப் பார்த்தாள். படித்துவைத்திருக்கிறாயே, சொல் என்று அர்த்தம்.

தெரிந்ததைச் சொன்னேன். வம்சத்தில் வருகிற பி.ஆர்.ஸி.ஏ. என்ற ஜீனில் பழுது இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாம். இருந்தால் அதற்கென்று ஓலாபரிப் என்ற மாத்திரை உண்டு. 2018 முதல் மேல்நாட்டில் முற்றிய நோய்க்குக் கொடுத்துவருகிறார்கள். இந்த மூன்றும் இல்லாத வகைக்கென்றே 2020-இல் அமெரிக்காவில் ஒரு மருந்தை அனுமதித்திருக்கிறார்கள். ஹெர்-2 இல்லை என்று எழுதியிருந்தாலும், 1+, 2+ என்று கொஞ்சம் இருந்தால் அதற்கும் புதிய மருந்து கேட்கிறது என்று 2022-இல் தெரிந்திருக்கிறது. ஆகவே 'இல்லை' என்றால் எவ்வளவு இல்லை என்று கேட்க வேண்டும். அவளுடைய அம்மாவும் அம்மாவின் தங்கையும் மார்பில் கட்டி வந்துதான் இறந்தார்கள் என்பது அப்போதுதான் பேச்சில் வந்தது. அதை அவள் ஒரு டாக்டரிடமும் சொன்னதில்லையாம், ஒருவரும் கேட்கவில்லை.

"இதெல்லாம் என் வாயில நுழையாது, அண்ணே. எழுதிக் குடுங்க" என்றாள்.

சித்தியின் பையில் இருந்த கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தமிழில், பெரிய எழுத்தாக, கேட்க வேண்டியதை நாலு வரி எழுதினேன். அம்மாவையும் சின்னம்மாவையும் பற்றி முதல் வரியிலேயே சொல்ல வேண்டும் என்று சித்தி மாற்றி எழுதச் சொன்னாள். எழுதினேன். அந்தப் பெண் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். தங்கச்சிக்கும் இந்தப் பரிசோதனையைப் பண்ணலாமா என்று கேட்டாள். உனக்குப் பழுது இருந்தால் அவளுக்கும் பார்க்க வேண்டும் என்றேன். தாளை மடித்து ஸ்கான் கவருக்குள் செருகிக்கொண்டு, நாலு மணி பஸ் போய்விடும் என்று எழுந்தாள்.